எலியாவும் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளும்

ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே,

செமஸ்டர் தேர்வு தொடங்கப்போகிறது. வேலூர் ஊரிசு, காட்பாடி ஆக்சிலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சம், வாணியம்பாடி இஸ்லாமியா, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் என்று நீங்கள் படிக்கும் கல்லூரிகள் பல. திருப்பலியின் முடிவில் உங்கள் பேனாக்களை மந்திரித்துத் தருவேன். அதற்கு முன் உங்கள் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேனாவை மந்திரித்துவிட்டு, அதைப் பிடிக்கும் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்காமல் உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய முதல் வாசகம் அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியாளாய் நின்று வென்றவர் எலியா. அவர் வேண்டினார், நெருப்பு இறங்கியது. மறுபடி வேண்டினார், நெடுநாள் பஞ்சத்துக்குப் பின் மழை கொட்டியது. அப்படிப்பட்டவருக்கு அரசி ஈசபேலிடமிருந்து ஒரே ஒரு மிரட்டல் வருகிறது. அவ்வளவுதான், உயிர் தப்ப ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார்.

இந்த வாசகத்தில் வேகமாகக் கடந்துபோகும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அவர் பணியாளரை விட்டுவிட்டுப் போனது. கூட இருந்த ஒரே துணையையும் பயம் விலக்கிவிடச் செய்கிறது. தேர்வு நெருங்க நெருங்கத் தோழியிடம் பேசுவதை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகும் பிள்ளைகளும், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியே போய் உட்காரும் பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. 'படிக்கிறான், தொந்தரவு பண்ணாதே' என்று நாமும் விட்டுவிடுகிறோம். மற்றொன்று, சாவைக் கேட்கும்போது எலியா சொல்லும் காரணம். தம் மூதாதையரைவிடத் தாம் ஒன்றும் மேலானவர் இல்லையாம். யாரும் அவரை மூதாதையரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவராகவே தம்மை அந்தத் தராசில் ஏற்றிக்கொள்கிறார்.

நம் பிள்ளைகளை அந்தத் தராசில் ஏற்றுவது நாம். 'எங்க காலந்தான் தோல் ஷாப்புல போச்சு, நீயாவது எங்களைவிட மேல வரணும்.' ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் இந்தச் சொல் ஒலிக்காத வீடு குறைவு. சொல்கிறவர்களின் அன்பில் குறையில்லை. விடியற்காலையில் டிபன் கட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். நாள் முழுவதும் தையல் மிஷினில் குனிந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துவிட்டு, விரல் நுனியில் சொல்யூஷன் காய்ந்திருக்க, இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். அந்தக் கூலியில்தான் இந்தப் பகுதியில் ஒரு தலைமுறையே கல்லூரிப் படியேறியிருக்கிறது. இது தலைவணங்க வேண்டிய உழைப்பு.

ஆனால் அந்த உழைப்பு பிள்ளையின் மனத்தில் என்னவாக மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பி.காம். படிக்கும் ஒரு மாணவி பங்கு இல்லத்துக்கு வந்து என்னிடம் பேசினாள். பெயரைச் சொல்லாமல் மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்தாள். போன செமஸ்டரில் வினாத்தாள் கைக்கு வந்தது. எழுத்து தெரிகிறது, படித்தால் பொருள் ஏறவில்லை. வயிற்றைப் பிசைந்தது. உள்ளங்கை வியர்த்து, விடைத்தாளின் ஓரம் நனைந்து, மையிட்ட கோடு பரவியது. மேற்பார்வையாளர் தண்ணீர் கொடுத்தார். தேர்வு முடிந்து பஸ் ஏறி உட்கார்ந்ததும் எல்லா விடையும் வரிசையாக நினைவுக்கு வந்ததாம். "படிக்காம போகல ஃபாதர். அம்மா ஓ.டி. பார்த்த காசுலதான் பீஸ் கட்டினாங்க. கொஸ்டின் பேப்பரைப் பார்த்தா எனக்கு அம்மா கைதான் தெரியுது" என்றாள்.

உளவியல் இதை நன்றாகவே விளக்குகிறது. தேர்வுப் பதற்றத்தை ஆராய்ந்த லீபர்ட், மோரிஸ் என்ற இரு அறிஞர்கள் 1967இல் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடலின் படபடப்பு ஒன்று. மனத்தில் ஓடும் கவலை இன்னொன்று. மதிப்பெண்ணை அதிகம் குறைப்பது கவலைதான் என்று அதன் பின் வந்த ஆய்வுகளும் காட்டின. கணக்குப் போட வேண்டிய மனத்தின் இடத்தை, 'தோற்றால் வீட்டில் எப்படி முகம் காட்டுவேன்' என்ற எண்ணம் அடைத்துக்கொள்கிறது. அந்த மாணவி படித்தது எதுவும் அழிந்துபோகவில்லை. வெளியே வர இடமில்லாமல் நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் இடம் கிடைத்துவிட்டது.

பெற்றோரே, அந்த இடத்தை அடைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. 'உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுறோம்' என்ற சொல்லைத் தேர்வு முடியும்வரையாவது நிறுத்திவையுங்கள். அது அன்பாகப் புறப்பட்டுக் கடனாகப் போய்ச் சேர்கிறது. பிள்ளைகளுக்கு நம் கஷ்டம் தெரியாமல் இல்லை. நம் கையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இனி ஒரு தவறான போதனையைக் குறித்துப் பேச வேண்டும். 'பயப்படுகிறாயா? அப்படியென்றால் உனக்கு விசுவாசம் இல்லை' என்று சொல்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். சில செபக் கூட்டங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஏற்கனவே நடுங்கும் பிள்ளையின் தலையில் குற்ற உணர்வையும் சேர்த்து ஏற்றும் சொல் இது. இது நற்செய்தி அல்ல.

நற்செய்தி எது என்று கெத்சமனித் தோட்டத்தில் பாருங்கள். மறுநாள் தமக்கு நடக்கப்போவதை இயேசு அறிவார். துயரமும் மனக்கலக்கமும் அவரைப் பிடிக்கின்றன. அவர் அதை மறைக்கவில்லை. பேதுருவையும் செபதேயுவின் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய், சாகும் அளவுக்குத் தம் உள்ளம் வருந்துவதாக அவர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்கிறார். கடவுளின் மகன் மூன்று மீனவர்களிடம் துணை கேட்கிறார்! பிறகு முகம் தரையில் பட விழுந்து, முடிந்தால் இந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று தந்தையிடம் வேண்டுகிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. வியர்வை இரத்தத் துளிகளைப்போல விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். அந்தச் செபத்துக்குப் பிறகும் கிண்ணம் அகலவில்லை. ஆனால் எழுந்து, கைதுசெய்ய வருகிறவர்களை நோக்கி நடக்கும் திடம் அவருக்கு வந்தது. பயம் இருந்தது; அவர் அதைத் தோழர்களிடம் சொன்னார், தந்தையிடம் சொன்னார், பின்பு செய்ய வேண்டியதைச் செய்தார். உணர்ச்சியைக் கையாள்வது என்று இன்று கல்லூரிகளில் வகுப்பு எடுக்கிறார்களே, அதை இதைவிடத் தெளிவாக எங்கே காட்ட முடியும்?

உணர்ச்சியைக் கையாள்வது வேறு, அடக்குவது வேறு. நம் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். 'ஆம்பளை அழலாமா' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். பயத்தை உள்ளே போட்டு மூடிவிட்டால் அது ஒழிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். நாம் பாலாற்றங்கரை மக்கள். தோல் பதனிட்ட கழிவுநீரைக் கண்ணுக்குத் தெரியாமல் விட்டால் போதும் என்று இந்தப் பகுதி பல ஆண்டுகள் இருந்தது. என்ன ஆயிற்று? மண்ணுக்குள் இறங்கிய அந்த நீர் நம் கிணற்றிலேயே ஊறி வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்த பிறகே கழிவைச் சுத்திகரித்துத்தான் வெளியேற்ற வேண்டும் என்பது கட்டாயமாக நிலைபெற்றது. மனத்துக்குள் புதைத்த பயமும் அப்படித்தான். அது கோபமாக, தலைவலியாக, தூக்கமின்மையாக, தம்பியை அடிப்பதாக, சில நேரம் பாட்டிலாக வேறொரு கிணற்றில் ஊறும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் இதைச் சோதனை செய்தே பார்த்தார். மனத்தைக் கலக்கும் காட்சியைக் காட்டி, உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கச் சொன்னபோது, உள்ளே இருந்த வேதனை குறையவில்லை. உடல் கூடுதலாகப் பாடுபட்டது. அந்த நேரத்தில் பார்த்ததும் கேட்டதும் நினைவில் குறைவாகவே தங்கியது என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. அடக்குவதற்குச் செலவாகும் சக்தி நினைவாற்றலிலிருந்துதான் போகிறது. தேர்வுக்கு உட்காரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. அதற்குப் பதிலாக, நடப்பதை வேறு கண்ணால் பார்க்கப் பழகியவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள். இதயம் படபடக்கிறதா? நீ தோற்கப்போகிறாய் என்று அது அறிவிக்கவில்லை. உன் உடல் வேலைக்குத் தயாராகிறது. இந்தப் பேப்பர் உன் வாழ்க்கைக்குத் தீர்ப்பா? இல்லை, ஒரு பாடத்தின் ஒரு தேர்வு. அரியர் விழுந்தால் மறுபடி எழுதலாம். இவற்றைப் பொய் ஆறுதலாகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

பயத்தைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் மிகுந்த மாணவர்களைத் தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் கவலைகளை எழுதவைத்தார்கள். எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகத் தேர்வு எழுதினார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. நம் திருப்பாடல்கள் நூலைத் திறந்து பாருங்கள். 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஆண்டவரே, என்னை மறந்துவிட்டீரா, எத்தனை நாள் இப்படி என்று நேருக்கு நேர் கேட்கும் செபங்கள். திருச்சபை அவற்றை நீக்கவில்லை. அன்றாடச் செபமாக வைத்துக் காத்தது. ஆகவே இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். எது பயமாக இருக்கிறதோ, அதை உங்கள் பேச்சுத் தமிழிலேயே ஆண்டவருக்கு எழுதுங்கள். 'மூணாவது யூனிட் ஒண்ணுமே புரியல, அப்பா திட்டுவார்னு பயமா இருக்கு, பெயிலாயிட்டா கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க.' அவருக்கு எழுதும் செபத்தில் இலக்கணம் பார்க்க வேண்டியதில்லை.

மறுபடி எலியாவிடம் போவோம், ஏனென்றால் சூரைச்செடியின் கீழே ஆண்டவர் என்ன செய்தார் என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. சாகவேண்டும் என்று கேட்டவரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. கர்மேலில் நான் செய்ததை அதற்குள் மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. வானதூதர் வந்து தொட்டு எழுப்புகிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் அதையும் தடுக்கவில்லை, தூங்கவிடுகிறார். இரண்டாம் முறை வந்து தொட்டு, மீண்டும் சாப்பிடச் சொல்கிறார். போகவேண்டிய வழி தூரம் என்கிறார். அந்த உணவின் வலிமையால்தான் எலியா நாற்பது நாள் நடந்து ஒரேபு மலைக்குப் போகிறார். ஆண்டவர் அவரிடம் பேசுவது அங்கே போன பிறகுதான்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, தேர்வு முடியும்வரை நீங்கள் அந்த வானதூதராக இருந்தால் போதும். தொடுங்கள், சாப்பாடு கொடுங்கள், தூங்கவிடுங்கள். 'எத்தனை யூனிட் முடிச்ச?' என்ற கேள்வியைக் கல்லூரி கேட்டுக்கொள்ளும். பிள்ளைகளே, இரவெல்லாம் காபி குடித்துக் கண்விழித்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றோடு தேர்வுக்குப் போகாதீர்கள். அன்று படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான். நல்ல மார்க்குக்காகத் தேர்வு நாளில் ஒருசந்தி இருக்கும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. உங்கள் பங்குத்தந்தையாகச் சொல்கிறேன், தேர்வு நாளில் ஒருசந்தி வேண்டாம். ஆண்டவர் எலியாவுக்கு அனுப்பியது அப்பம்.

வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு தேர்வுக் கதை உண்டு. டாக்டர் இடா ஸ்கட்டர் 1918இல் இங்கே பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுவே பின்னாளில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்ணை மருத்துவம் படிக்க அனுப்புவதே ஊர் கூடிப் பேசும் செய்தியாக இருந்த காலம். ஆண்கள் படித்த பள்ளிகளிலேயே பலர் தோற்கும் அந்தத் தேர்வில், உங்கள் பெண்களில் ஒருத்தி தேறினாலே பெரிது என்று அரசின் மருத்துவ அதிகாரி அவரை எச்சரித்ததாகச் சொல்வார்கள். தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். 1922இல் அந்த 14 பேரும் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

எல்லாரும் தேறுவீர்கள் என்று வாக்குக் கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அந்தப் பெண்கள் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கூடவே தங்கினார்கள், கூடவே படித்தார்கள். இடாவே அவர்களுக்கு வகுப்பெடுத்தார். 'தேறமாட்டீர்கள்' என்ற சொல்லை அவர்கள் சேர்ந்து சுமந்தார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த வகுப்பில் சேர்ந்து, இடையில் நின்றுபோன சிலரும் இருந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆண்டவர் அறிவார். தேறிய 14 பேரை எவ்வளவு நேசித்தாரோ, அவர்களையும் அவ்வளவே நேசித்தார். மதிப்பெண் வருவதற்கு முன்பே, திருமுழுக்கு நாளிலேயே உங்களைத் தம் பிள்ளை என்று அழைத்தவர் அவர். ரிசல்ட் வந்து அந்தப் பெயரை மாற்ற முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூரைச்செடியின் கீழே எலியா கேட்டதை நம் பிள்ளைகளில் சிலரும் மனத்துக்குள் கேட்கிறார்கள். தேர்வு முடிவு வரும் நாள்களில் தமிழ்நாடு எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறது என்பது நாம் எல்லாரும் செய்தித்தாளில் படித்து அழுததுதான். பல நாள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இல்லாட்டி வீட்டுக்கு நல்லது' என்ற பேச்சு வருகிறது என்றால், அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பேய் என்று சொல்லிப் பிள்ளையை எங்கேயும் இழுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள், பிறகு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருந்து சாப்பிட வேண்டி வந்தால் அதில் வெட்கமில்லை. ஆண்டவர் அப்பத்தின் வழியாகக் குணமாக்கினார், மருத்துவர் வழியாகவும் குணமாக்குகிறார்.

பிள்ளைகளே, இந்தத் தேர்வுக் காலத்தில் நீங்கள் எலியாவைப்போலத் துணையை விட்டுவிட்டுத் தனியே நடக்கக் கூடாது. படிக்க இடமில்லாத வீடுகள் நம் பங்கில் நிறைய என்பது எனக்குத் தெரியும்; ஒரே அறையில் டிவியும் அடுப்பும் தம்பி தங்கையும் இருக்கும். ஆகவே நாளை முதல் கடைசிப் பேப்பர் முடியும் நாள்வரை, பங்கு மன்றக் கூடம் மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். பள்ளிவாசல் தெருவிலிருந்தும் மாரியம்மன் கோயில் தெருவிலிருந்தும் உங்களோடு படிக்கும் நண்பர்களையும் அழைத்து வாருங்கள். மரியாயின் சேனையினர் தினமும் சுண்டலும் தேநீரும் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வேலைக்குப் போகும் பட்டதாரிகளும் வாரத்தில் ஒரு மாலையாவது வந்து இவர்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட இருங்கள். வர முடிந்தவர்கள் திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறைக்கு வந்து என்னிடம் பெயர் கொடுங்கள்.